தென்துருவக் கடலும் திருவனந்தபுரக் கரையும்

சித்திரை, வைகாசி மாதங்களில் வானம் தெளிந்து, காற்றும் அடங்கியிருக்கும் சில நாட்களில், திருவனந்தபுரத்தை அடுத்த பூந்துறை, வலியதுறை போன்ற கரைகளில் கடல் திடீரெனப் பொங்கி ஊருக்குள் புகுவதுண்டு. கள்ளனைப் போல் சொல்லாமல் வருவதால் மீனவர் இதனைக் ‘கள்ளக்கடல்’ என்பர். அருகில் புயல் ஏதும் இல்லாதபோது இவ்வலைகள் எங்கிருந்து வருகின்றன? விடை காணத் தென்துருவம் நோக்கிச் சென்ற ஒரு கப்பலின் வழியைப் பின்தொடர்வோம்.

1981-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள், டாக்டர் காசிம் தலைமையில் 21 பேர் அடங்கிய முதல் இந்திய அண்டார்க்டிக் ஆராய்ச்சிக் குழு ‘போலார் சர்க்கிள்’ என்ற நார்வே நாட்டுக் கப்பலில் கோவாவிலிருந்து புறப்பட்டது. 1982 ஜனவரி 9-ஆம் நாள் பனிக்கண்டத்தை அடைந்தது. இவ்வழியே செல்லும் எக்கப்பலும் தென் அட்சரேகை 40 பாகைக்கு அப்பாலுள்ள கொந்தளிக்கும் கடலைக் கடந்தே ஆகவேண்டும். மாலுமிகள் அப்பகுதியை ‘முழங்கும் நாற்பதுகள்’ என்றும், அதற்கடுத்ததைச் ‘சீறும் ஐம்பதுகள்’ என்றும் அழைப்பர்.

அலையின் வலிமை மூன்றைப் பொறுத்தது: காற்றின் வேகம், அது வீசும் நேரம், தடையின்றி வீசும் நீர்ப்பரப்பின் நீளம். காற்றைத் தடுக்க நிலம் மிக அரிதான அக்கடலில் இம்மூன்றும் ஒருங்கே அமைகின்றன.

மனிதருக்கு அச்சம் விளைவிக்கும் அக்காற்றே அல்பட்ராஸ் பறவைக்குத் துணையாகிறது. விரித்த சிறகு 3 மீட்டருக்கும் மேற்பட்ட பெரிய அல்பட்ராஸ், நீருக்கருகே மெதுவாகவும் மேலே விரைவாகவும் வீசும் காற்றின் வேற்றுமையைப் பயன்படுத்தி, சிறகடிக்காமலே நெடுந்தூரம் செல்லும். இன்னும் தெற்கே சென்றால் மிதக்கும் பனிப்பாளங்கள் தோன்றும். அவை அலையின் ஆற்றலைக் குறைத்துவிடுவதால் கடல் அடங்கும். அவற்றின்மேல் அடேலிப் பென்குவின்களும் சீல்களும் இளைப்பாறும். ‘கிரில்’ என்னும் இறால் போன்ற சிற்றுயிர் அங்கு பென்குவினுக்கும் திமிங்கிலத்துக்கும் உணவாகும்.

வடக்கு நோக்கிச் செல்லும் அலைகளுக்கோ இத்தகைய பனித்தடை இல்லை. குறுகிய அலைகள் வழியிலேயே அடங்கும். நீண்ட அலைகள் தொடர்ந்து செல்லும். 18 விநாடிக்கு ஒன்றாக வரும் அலைகளின் தொகுதி ஆழ்கடலில் மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர், அதாவது நாளொன்றுக்கு 1,200 கிலோமீட்டர் செல்லும். தென் 45 பாகையிலிருந்து திருவனந்தபுரம் ஏறத்தாழ 6,000 கிலோமீட்டர். எனவே அங்கு எழுந்த அலை 5 நாட்களில் இங்கு வந்து சேரும். ஆழ்கடலில் சரிவு மிகக் குறைந்த இவ்வலையைப் படகிலிருப்போர் எளிதில் உணரார். ஆழம் குறைந்த கரையை நெருங்கும்போது அதன் வேகம் குறைந்து, உயரம் மிகும்.

2005 மே மாதம் கேரளக் கரையில் நேர்ந்த கடற்பெருக்கை ஆராய்ந்த திருவனந்தபுரம் விஞ்ஞானிகள், அதன் பிறப்பிடம் தென்கடலே எனக் காட்டினர். இன்று ஹைதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் மையம் இவ்வலைகளை முன்னரே கணித்து எச்சரிக்கை விடுக்கிறது. ஆயினும் 2024 மே 6-ஆம் நாள், கள்ளக்கடல் எச்சரிக்கை நிலவிய நாட்களிலேயே, கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் அலையில் சிக்கி உயிரிழந்தனர்.

தெளிந்த வானம் அமைதியான கடலுக்கு அடையாளமன்று. தொலைவு நமக்கு அளிக்கும் சில நாள் அவகாசமே நம் பாதுகாப்பு. எச்சரிக்கை வந்ததும் படகுகளை மேட்டிற்கு ஏற்றுவதும், அலைவாய்க்கரையை விட்டு விலகி நிற்பதும் ஒவ்வொருவர் கடமையாகும்.