விடை பெற்ற கணித மேதை
(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

தேர்வுக் காலம் நெருங்கிவிட்டது. எங்கள் வகுப்பில் இப்பொழுது பாடநூலைவிட அதிகமாகக் கைமாறுவது ஆட்டோகிராப் புத்தகந்தான். 'என்னை மறவாதே' என்று வண்ண மையில் எழுதுகிறோம். பூப் படம் வரைகிறோம். சென்ற வாரம் என் தோழி ஒருத்தி என் புத்தகத்தை வாங்கினாள். அவள் தந்தை குத்தகை நிலத்தில் சாகுபடி செய்பவர். தாளடிப் பயிர் கதிர் வந்த நேரத்தில் பெய்த மழையில் சாய்ந்துவிட்டது. அடுத்த ஆண்டு படிப்போமா என்று அவளுக்கே தெரியாது. "என்ன எழுதுவதென்று தெரியவில்லையடி" என்று சொல்லி, தாளை வெறுமையாகவே திருப்பித் தந்தாள்.

பிரியும்பொழுது சொல்லத்தக்க சொல் எது? எங்கள் கணித ஆசிரியையான சிஸ்டரிடம் கேட்டேன். "அயல்நாட்டில் படிப்பை முடித்துத் தாய்நாடு திரும்பும் வேளையில் ஒருவர் எழுதிய கடிதம் ஒன்று உண்டு. அவரும் நம் காவிரிக்கரையில் வளர்ந்தவர்தாம். அதைத் தேடிப் படி" என்றார். அவர் குறிப்பிட்டது கணித மேதை சீனிவாச இராமானுஜன் அவர்களை. தேடிப் படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கும்பகோணத்துச் சிறுவன்

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார், வளர்ந்தது கும்பகோணத்தில். நம் திருத்துறைப்பூண்டியும் கும்பகோணமும் பழைய தஞ்சை மாவட்டத்தில் ஒன்றாக இருந்த ஊர்களே. அவர் வாழ்ந்த சிறு வீட்டைச் சாரங்கபாணி சன்னதித் தெருவில் இன்றும் காணலாம். தந்தை துணிக்கடைக் கணக்கர். தாள் வாங்கப் பணம் போதாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, மீண்டும் எழுதியவர் அவர். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகை பெற்றுச் சேர்ந்தார். ஆனால் கணிதத்தைத் தவிர மற்றப் பாடங்களில் மனம் செல்லாமையால் அவ்வுதவியை இழந்தார். படிப்பும் பாதியில் நின்றது. பணமின்மையால் படிப்பு நிற்பதன் வேதனையை இளமையிலேயே அறிந்தவர் அவர் என்பதை நாம் மனத்திற் கொள்ள வேண்டும்.

முதல் பிரிவு

பின்னர்ச் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்துகொண்டே, 1913ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தம் கணிதக் கண்டுபிடிப்புகளை எழுதி அனுப்பினார். அங்கிருந்து அழைப்பு வந்தது. கடல் கடப்பது குற்றம் என்று கருதப்பட்ட காலம் அது. தாயின் இசைவு கிடைத்த பின்னரே அவர் புறப்பட்டார். தம் குடுமி களையப்பட்டு, மேனாட்டு உடை அணிந்த கோலத்தைத் தாயும் மனைவியும் காணக்கூடாதென்று, அவர்களை முன்னதாகவே கும்பகோணத்திற்கு இரயில் ஏற்றி அனுப்பிவிட்டார். 1914ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள் 'நெவாசா' என்னும் கப்பல் சென்னையை விட்டுப் புறப்பட்டபோது, வழியனுப்ப நண்பர்கள் இருந்தார்கள், பெற்றவள் இல்லை. இதனைப் படித்தபோது என் கண்கள் கலங்கின.

அயல்நாட்டில் ஐந்தாண்டுகள்

கேம்பிரிட்ஜில் திரினிட்டிக் கல்லூரியில் அவர் சேர்ந்த சில மாதங்களில் முதல் உலகப் போர் மூண்டது. குளிரும், போர்க்கால உணவுத் தட்டுப்பாடும், தனிமையும் சைவ உணவே உண்ட அவரை வாட்டின. 1916இல் ஆராய்ச்சிக்காகப் பட்டம் பெற்றார். 1917இல் நோயுற்றார். நீர்மூழ்கிக் கப்பல்களின் அச்சத்தால் கடற்பயணம் ஆபத்தாக இருந்ததால், உடனே ஊர் திரும்பவும் இயலவில்லை. 1918இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார். அதே ஆண்டில் திரினிட்டிக் கல்லூரியின் முதல் இந்திய ஃபெலோ என்னும் பெருமையையும் பெற்றார்.

நோயாளியாக அவர் இலண்டனை அடுத்த பட்னியில் இருந்தபோதுதான் அந்தப் புகழ்பெற்ற நிகழ்ச்சி நடந்தது. தாம் வந்த வாடகை வண்டியின் எண் 1729 என்றும், அதில் சிறப்பொன்றும் இல்லை என்றும் ஹார்டி சொன்னார். உடனே இராமானுஜன், இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதத்தில் எழுதத்தக்க மிகச் சிறிய எண் அது என்றார். சரிபார்த்துப் பாருங்கள்: 1‑இன் கனம் 1, 12‑இன் கனம் 1728, கூட்டினால் 1729. 9‑இன் கனம் 729, 10‑இன் கனம் 1000, கூட்டினாலும் 1729!

விடை பெறும் கடிதம்

அதே பட்னியிலிருந்து எழுதப்பட்டதுதான் சிஸ்டர் குறிப்பிட்ட கடிதம். போர் முடிந்து, அவர் ஊர் திரும்ப ஏற்பாடாகிக்கொண்டிருந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் வீதம் ஐந்தாண்டுகளுக்கு உதவித்தொகை தர முன்வந்தது. 1919ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள் அவர் அதன் பதிவாளருக்கு மறுமொழி எழுதினார். நன்றி கூறிய பின்னர், இத்தொகை தம் தேவைக்கு மிக அதிகம் என்றார். ஆண்டுக்கு 50 பவுன் தம் பெற்றோருக்குத் தரவேண்டும் என்றும், தம் அவசியச் செலவு போக எஞ்சியதைக் கல்விப் பணிக்குப் பயன்படுத்த வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். குறிப்பாக, ஏழை மாணவர்களுக்கும் ஆதரவற்ற பிள்ளைகளுக்கும் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்கு நூல்கள் வாங்கவும் அது உதவவேண்டும் என்பதே அவர் விருப்பம்.

என்னே அவர் உள்ளம்! உடலில் நோய், எதிர்காலம் தெரியாது. அந்நிலையிலும் சிலேட்டில் கணக்குப் போட்ட சிறுவனை அவர் மறக்கவில்லை. வெற்றி அவருடைய எளிமையைச் சிறிதும் கெடுக்கவில்லை என்று ஹார்டியும் சென்னைக்கு எழுதியிருந்தார்.

பிரிந்த பின்னும் தொடர்ந்த உறவு

1919ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் இங்கிலாந்தில் 'நகோயா' கப்பலில் ஏறி, மார்ச்சு மாதம் பம்பாய் வந்து சேர்ந்தார். காவிரிக்கரைக் கொடுமுடியிலும் கும்பகோணத்திலும் தங்கியும் நோய் தணியவில்லை. ஆயினும் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. 1920 சனவரியில் தாம் கண்ட புதுவகைக் கணிதச் சார்புகளைப் பற்றி ஹார்டிக்கு எழுதினார். அதுவே அவருடைய இறுதிக் கடிதம். அவ்வாண்டு ஏப்ரல் 26ஆம் நாள், 32ஆம் வயதில், சென்னையில் காலமானார். இறுதி ஓராண்டில் அவர் எழுதிய தாள்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வழியாக ஹார்டியிடம் சென்றன. பல்லாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்த அத்தாள்களை 1976இல் ஆண்ட்ரூஸ் என்னும் அமெரிக்க அறிஞர் திரினிட்டிக் கல்லூரி நூலகத்தில் கண்டெடுத்தார். உடலால் திரும்ப முடியாத கல்லூரிக்கு அவருடைய எழுத்துகள் திரும்பிச் சென்றன அன்றோ!

முடிவுரை

கணக்கில் காண்பதும் விடை. பிரியும்பொழுது பெறுவதும் விடை. தாம் பெற்ற உதவியைப் பின்னால் வருகிறவர்களுக்கு விட்டுச் செல்வதே நல்ல விடைபெறுதல் என்பதை இராமானுஜனிடம் கற்றேன். சிஸ்டரின் அனுமதியோடு, எங்கள் வகுப்பினர் தம் அகராதிகளையும் வடிவியல் பெட்டிகளையும் தேர்வு முடிந்ததும் நூலகத்தில் வைத்துவிட்டுச் செல்ல முடிவு செய்துள்ளோம். ஒன்பதாம் வகுப்புத் தங்கையரே, அவை உங்களுக்கே! என் தோழியின் சீருடைக்கும் பேருந்துச் செலவுக்கும் வழி காண இயலுமா என்று எங்கள் பெற்றோர் சிலர் பேசி வருகின்றனர். அவள் சேர்வாளா என்பது இதை எழுதும்வரை தெரியவில்லை.

என் ஆட்டோகிராப் புத்தகத்தில் அந்தத் தாள் மட்டும் வெறுமையாகவே இருக்கிறது. அதில் வேறு எவரையும் எழுதவிடவில்லை. சூன் மாதம் பள்ளி திறக்கும் நாளில் அவளே வந்து எழுதட்டும்!