பாட்டி வீட்டுத் தேனீப் பெட்டி

குமரி மாவட்டத்து மார்த்தாண்டம் தேனுக்குப் பெயர் பெற்ற ஊர். 2023ஆம் ஆண்டில் அவ்வூர்த் தேன் புவிசார் குறியீடும் பெற்றது. அங்கே வீட்டுத் தோட்டங்களிலும் தேனீ வளர்ப்பர்.

நாக்பூரில் படிக்கும் கதிர், மே மாத விடுமுறையில் பாட்டி வீட்டிற்கு வந்திருந்தான். மறுநாள் அத்தை மகளுக்கு நிச்சயதார்த்தம். ஐம்பது பேர் வரவிருந்தனர். மும்பைச் சித்தியும் வருகிறார். சென்ற ஆண்டு ஒரே ஒரு தேனீ கொட்டியதற்கே அவருக்கு முகம் வீங்கி, மூச்சுத் திணறி, மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது.

"பெட்டியை வேலியோரம் தூக்கி வைத்துவிடலாமே, பாட்டி?" என்றான் கதிர்.

"கூடாது, மக்களே. மேயப் போன தேனீ பழைய இடத்தைத் தேடித்தான் வரும். கூட்டைக் காணாவிட்டால் அங்கேயே கூட்டமாகச் சுற்றும்."

(குமரி மாவட்டத்தில் ஒரு பிள்ளையையும் அன்போடு 'மக்களே' என்றே அழைப்பர்.)

ரப்பர் மரங்கள் துளிர்க்கும் மாதங்களில் தேன் பெருகும். மே மாதத்தில் தேன் வரத்துக் குறைந்துவிடும். அப்போது தேனீக்கள் எளிதில் சினங்கொள்ளும். ஆகவே பாட்டி பெட்டியைத் திறக்கவே இல்லை. பெட்டியின் வாயிலுக்குச் சற்று முன்னே ஆளுயரத்திற்கு மேலாகத் தென்னோலைத் தட்டி கட்டினார். தட்டியைத் தாண்ட மேலெழும்பிய தேனீக்கள், மனிதர் தலைக்கு மேலே பறந்து சென்றன. பந்தியை வீட்டின் முன்புறம் அமைத்தார். சித்தியை மருத்துவர் தந்த மருந்தோடு வரச் சொன்னார். வாசலில் ஒரு வண்டியையும் நிறுத்தி வைத்தார்.

மறுநாள் பந்தி நடக்கையில், சித்தியின் ஆறு வயது மகன் குமரன் பந்தை எடுக்கத் தட்டிக்குப் பின்னே ஓடினான். தேனீ ஒன்று சுற்றவே, கையை வீசினான். அது கொட்டிவிட்டது. அலறல் கேட்டுச் சித்தி எழுந்தார். "நீ வராதே!" என்று பாட்டி தடுத்தார்.

கதிர் அங்கே நிற்கவில்லை. குமரனை விரைந்து வீட்டிற்குள் அழைத்துச் சென்றான். கொட்டிய இடத்தில் எழும் வாடை, பிற தேனீக்களையும் தாக்க அழைக்கும். உள்ளே சென்றவுடன் கொடுக்கை நகத்தால் சுரண்டி எடுத்தான். கொடுக்கோடு ஒட்டிய நச்சுப்பை, தேனீ போன பின்னும் நஞ்சைச் செலுத்திக்கொண்டிருக்கும். பிறகு குளிர்ந்த நீர்த்துணியை வைத்தான். உதடு வீங்குகிறதா, மூச்சு முட்டுகிறதா, உடலெங்கும் தடிக்கிறதா என்று பாட்டி நெடுநேரம் அருகிலிருந்து கவனித்தார். ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைதான். கை மட்டுமே வீங்கியது.

மாலையில் சித்தி முன்வாசல் வழியே புறப்பட்டார். பாட்டி அவர் கையில் ஒரு குப்பித் தேனைக் கொடுத்தார்.

பயிற்சி

1. பெட்டியை இடம் மாற்றப் பாட்டி ஏன் உடன்படவில்லை?
2. சித்தியைப் பாட்டி தடுத்தது ஏன்?
3. பிரித்து எழுதுக: ஆளுயரம், தென்னோலை.
4. உங்கள் பாட்டி உங்களை எவ்வாறு அழைப்பார்? அச்சொல்லை அமைத்து ஒரு தொடர் எழுதுக.