யார் குற்றம்? மைட்டோபியூசின் கற்றுத்தரும் பாடம்



கோபிசெட்டிபாளையத்தை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து ஒரு தாய் தன் 14 வயது மகனை அழைத்து வந்திருந்தார். நடக்கும்போது பையனுக்குச் செருப்பு கழன்றுவிடுகிறது. கால் நுனி தரையில் உரசுகிறது. மரபணுப் பரிசோதனை முடிவைப் பார்த்த மருத்துவர், இது சார்கோ-மேரி-டூத் நோயின் 2ஏ வகை என்றார்.

அன்று மாலை வார்டு வராந்தாவில் அந்தத் தாய் எங்களிடம் கேட்டார்: "ஏனுங்கய்யா, என்ற ரத்தத்துலதான் கொறைன்னு எங்க மாமியார் சொல்றாங்க. நெசமுங்களா?" பிறகு மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். மனித மைட்டோபியூசின்-2 புரதம் விற்பனைக்கு என்று அதில் அச்சிட்டிருந்தது. நகையை அடகு வைத்தாவது அதை வாங்கலாமா என்பது அவருடைய அடுத்த கேள்வி. இரண்டுக்கும் விடை தேடுவதே இந்த இதழின் பாடம்.

1. இந்தப் புரதத்தின் வேலை என்ன?

நம் சரீரத்தின் செல்களுக்குள் உணவைச் சக்தியாக மாற்றித் தருபவை மைட்டோகாண்ட்ரியா. அவை ஒன்றோடொன்று இணைந்து, உள்ளதைப் பகிர்ந்துகொண்டு, மறுபடி பிரிகின்றன. உறைமோர் இல்லாத வீடு அடுத்த வீட்டில் வாங்கிக்கொள்வது போல, ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கிறது. அவற்றின் வெளிச்சவ்வில் இருந்துகொண்டு இந்த இணைப்பை நடத்துவதே மைட்டோபியூசின். இந்தக் குடும்பத்தின் முதல் மரபணு 1997-ல் பழ ஈயில் கண்டறியப்பட்டது. மனிதரில் இரண்டு வகை உண்டு. இரண்டாம் வகை 757 அமினோ அமிலங்களால் ஆன சங்கிலி. அதன் மரபணுப் பழுதே இந்நோய்க்குக் காரணம் என்பது 2004-ல் தெரியவந்தது.

முதுகுத்தண்டிலிருந்து பாதம்வரை நரம்பிழை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். சக்தி குறைந்தால் அதன் கடைசி நுனியே முதலில் வாடும். தடப்பள்ளி வாய்க்காலின் கடைமடை விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2. அதை எப்படித் தயாரிக்கிறார்கள்?

மனித மரபணுவின் நகலை ஈ.கோலை என்னும் பாக்டீரியாவுக்குள் செலுத்தி வளர்க்கிறார்கள். பாக்டீரியா அந்தக் குறிப்பைப் படித்து மனிதப் புரதத்தைச் செய்கிறது. பிறகு செல்களை உடைத்துப் புரதத்தைப் பிரித்துச் சுத்தம் செய்கிறார்கள். முதல் வகை மைட்டோபியூசினின் சுருக்கிய வடிவத்தை இப்படித் தயாரித்துப் படிகமாக்கி, 2016, 2017-ல் அதன் அமைப்பைக் கண்டறிந்தார்கள்.

இந்த முறை நமக்குப் புதிதல்ல. மனித இன்சுலின் 1982 முதல் இவ்வாறே கிடைக்கிறது. ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997-ல் வெளியிட்ட ஹெபடைடிஸ்-பி தடுப்பூசியின் புரதம் ஈஸ்ட்டில் வளர்க்கப்பட்டது.

3. அது மருந்தாகுமா?

ஆகாது. இன்சுலின் செல்லின் வெளிப்புறத்தைத் தொட்டாலே வேலை நடக்கும். மைட்டோபியூசினோ நரம்புச் செல்லுக்குள் நுழைந்து மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் அமர வேண்டும். விழுங்கினால் செரித்துப்போகும், ஊசியாகப் போட்டாலும் அந்த இடத்தை எட்டாது. ஆய்வுக்கு மட்டுமே என்று குப்பியில் எழுதியிருப்பதன் பொருள் இதுவே. நோயைப் புரிந்துகொள்ள அது உதவும்; நோயாளிக்கு அதைக் கொடுக்க முடியாது.

4. யார் குற்றம்?

மைட்டோகாண்ட்ரியாவுக்கென உள்ள 37 மரபணுக்கள் தாயிடமிருந்து வருகின்றன. ஆனால் மைட்டோபியூசின்-2 மரபணு அவற்றில் ஒன்றல்ல. அது செல்லின் உட்கருவில், முதலாம் குரோமோசோமில் இருக்கிறது. பழுது தாய் வழியாகவும் வரலாம், தகப்பன் வழியாகவும் வரலாம். இருவரிடமும் இல்லாமல் பிள்ளையில் புதிதாகவும் தோன்றலாம். பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்களும் யார் பாவம் என்றே கேட்டார்கள். ஆண்டவர் பெற்றோர்மேல் பழி சுமத்தவில்லை.

இந்நோயை மாற்றும் மருந்து இன்னும் இல்லை. ஆனாலும் உடற்பயிற்சி சிகிச்சை, கணுக்காலைத் தாங்கும் பட்டை, பாதப் பராமரிப்பு ஆகியவை நடையைக் காக்கும். வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து இந்நரம்புகளை மேலும் கெடுக்கும். எந்த மருத்துவரிடம் போனாலும் நோயின் பெயரைச் சொல்ல வேண்டும்.

மறுநாள் மருத்துவர் குடும்பத்தார் அனைவரையும் உட்காரவைத்துப் படம் வரைந்து விளக்கினார். மாமியார் ஒன்றும் பேசவில்லை. பேரனின் புதிய காற்பட்டையை அவரே குனிந்து மாட்டிவிட்டார். நகை அடகுக்குப் போகவில்லை.

சிந்தனைக்கு: நம் வீட்டில் ஒரு வியாதி வந்தபோது யார்மேல் பழி போட்டோம்? அந்தப் பழியை இன்று நீக்க முடியுமா?