சம்பளமில்லாத் தலைமை

கேள்வி: பிரிட்டனில் பழைய சுரங்கங்களின் வரலாற்றைக் காக்கும் தேசியச் சங்கத்தைத் தன்னார்வலர்களே நடத்துகிறார்களாமே, எப்படி முடிகிறது?

பதில்: சுமையைப் பங்கிட்டுக்கொள்வதால்தான். 1979இல் தொடங்கிய அந்தச் சங்கம் உள்ளூர்ச் சங்கங்களின் கூட்டமைப்பு. களப்பணி உள்ளூர்க்காரர்களுடையது. டெர்பிஷயரில் 1958இல் மூடப்பட்ட மேக்பை ஈயச் சுரங்கத்தை, அந்த வட்டாரத்தின் வரலாற்றுச் சங்கத்தார் 1960களிலிருந்து பேணிவருகிறார்கள். சுரங்கத்துக்குள் இறங்குவோருக்கான நெறிமுறைகளை வகுப்பது, எல்லோருக்காகவும் அரசிடம் பேசுவது ஆகியவை தேசியத் தலைமையின் வேலை. ஆண்டு மாநாட்டை உறுப்பினர் சங்கங்கள் மாறி மாறி நடத்துகின்றன.

பொறுப்பெல்லாம் ஒருவரிடமே குவிந்தால், அவர் ஓயும்போது சங்கமும் ஓய்ந்துவிடும். ஆகவே, அடுத்தவரைத் தயார்செய்வதே நல்ல தலைவரின் முதல் கடமை. நம்மூர்ச் சங்கங்களும் இதைப் பின்பற்றலாம்.