உவேனோ: கோயில் நிலம் பூங்காவான வரலாறு

டோக்கியோ மாநகரின் உவேனோ பகுதிக்குச் செல்வோர் பெரும்பாலும் அருங்காட்சியகத்தையும் விலங்குக் காட்சிச்சாலையையும் கண்டு திரும்புவர். அந்நிலமோ 1625இல் நிறுவப்பெற்ற கனேய்ஜி என்னும் பௌத்தக் கோயிலுக்கு உரியதாயிருந்தது. 1868ஆம் ஆண்டுப் போரில் கோயிலின் பெரும்பகுதி எரிந்தது. 1873இல் நிலம் பொதுப்பூங்காவாயிற்று. 1639இல் எழுந்த ஐந்தடுக்குக் கோபுரம் இன்று விலங்குக் காட்சிச்சாலையின் எல்லைக்குள் நிற்பது காண்போர்க்கு வியப்பே.

நம் அன்பர்கள் தவறாது காணவேண்டியது, ஷினோபாசு குளத்தின் நடுவிலுள்ள பெந்தென் கோயில். நாம் சுருததேவியாகப் போற்றும் சரஸ்வதி, பௌத்த நூல்களின் வழியே ஜப்பானை அடைந்து பெந்தென் எனப் பெயர் பெற்றாள்.

பூங்காவின் மேட்டில் புத்தரின் முகம் மட்டும் உள்ளது. 1923 நிலநடுக்கத்தில் பெருஞ்சிலையின் தலை விழுந்தது. உடலை இரண்டாம் உலகப்போரின்போது உலோகத்திற்காக உருக்கிவிட்டனர். இனி விழ இயலாத முகம் என்று, தேர்வெழுதும் மாணவர்கள் அதனை வணங்கிச் செல்கின்றனர்.