குடும்பக் கதையை நாவலாக்கப் போகிறீர்களா?

குடும்ப வரலாற்றை நாவலாக்குபவர் முதலில் பழக வேண்டியது, எதை விடுவது என்பதை. அமெரிக்கப் புல்வெளியில் குடியேறிய தன் குடும்பத்தைப் பற்றி லாரா இங்கால்ஸ் வைல்டர் 1930இல் எழுதிய தன்வரலாற்றைப் பதிப்பகங்கள் ஏற்கவில்லை. அதே நினைவுகளைச் சிறுவர் நாவலாக மாற்றியதும் 1932இல் முதல் புத்தகம் வெளிவந்தது. கைக்குழந்தையாக இறந்த தம்பியையும், அயோவா மாநிலத்தில் பட்ட கஷ்டத்தையும் அந்த நாவல் வரிசையில் அவர் சேர்க்கவே இல்லை. இது வரலாற்றைத் திரிப்பதாகாதா என்று கேட்கலாம். எது நடந்தது, எது கற்பனை என்று பின்னுரையில் பிரித்துச் சொல்லிவிட்டால் திரிப்பாகாது. (வைல்டர் அதைச் செய்யவில்லை, ஓசேஜ் பழங்குடியினரின் நிலத்தில் குடியேறியதை அவர் எழுதிய விதம் பற்றி இன்றும் சர்ச்சை.) நாவல் தயாரானதும், அதன் விளம்பரத்தைக் கதை நடந்த ஊரின் நூலகம், பள்ளி, வரலாற்றுச் சங்கத்தில் தொடங்குங்கள். வைல்டர் வளர்ந்த டி ஸ்மெட் ஊரார் கோடையில் அவர் கதையை நாடகமாகவே போடுகிறார்கள்.