புகாட்டி ராயலும் டூசன்பெர்க் ஜேயும்: புதியவர்களுக்கு

பழைய கார் பித்து புதிதாகப் பிடித்த பிள்ளைகள் எடுத்த எடுப்பில் கேட்பது, “ஐயா, ரெண்டுல எது உசத்தி?” பிரான்ஸின் புகாட்டி ராயல், அமெரிக்காவின் டூசன்பெர்க் மாடல் ஜே, இந்த இரண்டையும் வைத்தே சொல்கிறேன்.

1. பாடியைப் பார்த்து மயங்காதீர்கள். அன்றைய பெரிய கார்களில் கம்பெனி கொடுத்தது பெரும்பாலும் இன்ஜினும் சேசிஸும்தான். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற மாதிரி, வாங்கியவர் தனக்குப் பிடித்த பட்டறையில் கட்டிக்கொண்டார். டூசன்பெர்க்கின் வெறும் சேசிஸ் விலையே ஆரம்பத்தில் 8,500 டாலர். இந்தூர் மகாராஜா ஹோல்கரின் டூசன்பெர்க்குக்குப் பாடி கட்டியது லண்டனின் கர்னி நட்டிங். எஸ்டெர்ஸ் என்ற துணி வியாபாரி ராயல் வாங்கினார். ராத்திரியில் ஓட்டுவதில்லை என்று ஹெட்லைட்டே வைக்கவில்லை! பின்னால் அதே சேசிஸில் வேறு பாடி ஏறிவிட்டது. ஆகவே முதலில் சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர். அழகெல்லாம் அப்புறம்.

2. அபூர்வம் என்றால், ஏன் என்று கேளுங்கள். ராஜாக்களை மனதில் வைத்து ராயலை 25 செய்வதாகத் திட்டம். செய்தது ஆறு, வெளியே விலை போனது மூன்று. உலகமே பொருளாதார மந்தத்தில் தவித்தபோது ராஜாக்களும் கையை இறுக்கிக்கொண்டார்கள். மிஞ்சிய இன்ஜின்களைக் கம்பெனி முதலாளி எத்தோரே புகாட்டி ரயில் பெட்டிகளில் பொருத்தி விற்றார். கெட்டிக்காரர். டூசன்பெர்க் ஜே 500-க்குச் சற்றுக் குறைவு. ஹாலிவுட் நடிகர்கள் கிளார்க் கேபிள், கேரி கூப்பர் எல்லாம் வைத்திருந்தார்கள். 1937-இல் கம்பெனியே மூடியதால் அதோடு நின்றது. விலை போகாததால் அருகியது ஒன்று, செய்தவன் விழுந்ததால் அருகியது மற்றது.

3. லிட்டர் கணக்கில் ஏமாறாதீர்கள். ராயலுக்கு 12.7 லிட்டர் இன்ஜின், டூசன்பெர்க்குக்கு 6.9. இரண்டுமே நேர்வரிசையில் எட்டு சிலிண்டர். ஆனால் சின்னதில் இரட்டை கேம் ஷாஃப்ட், சிலிண்டருக்கு நாலு வால்வு. 265 குதிரைசக்தி என்று கம்பெனி சொன்னது. (கம்பெனி சொன்னது என்பதை மறக்க வேண்டாம்.) ராயலில் ஒற்றை கேம், மூன்று வால்வு. அதைவிட முக்கியம் பிரேக்: டூசன்பெர்க்கில் ஹைட்ராலிக், ராயலில் கேபிள். அவ்வளவு கனமான வண்டியைக் கேபிள் இழுத்து நிறுத்த வேண்டும்! என் ஓட்டு இதில் அமெரிக்காவுக்கே.

4. ஏல விலையைப் பேசாதீர்கள். பணக்காரர்களின் போட்டி அது.

5. எதை மாற்றினார்கள் என்று விசாரியுங்கள். ஒரு ராயல் நியூயார்க் காயலான் கடைக்கே போயிருந்தது. குளிரில் தண்ணீர் உறைந்து இன்ஜின் பிளாக் வெடித்துக் கிடந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் இன்ஜினியர் சார்லஸ் செய்ன் வாங்கிச் சரிசெய்து, ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் நாலு வைத்தார். கறுப்பு வண்டி வெள்ளையானது. இன்று ஹென்றி ஃபோர்டு மியூசியத்தில் நிற்கிறது. காப்பாற்றியவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் ஓட்டத்தை வைத்து மற்ற ராயல்களை எடைபோட முடியாது.

6. பிரான்ஸின் முல்ஹவுஸ் மியூசியத்தில் ராயலைப் பார்க்க வாய்த்தால், ரேடியேட்டர் மூடியில் நிற்கும் யானையைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். குனிந்து பின் ஆக்ஸிலைப் பாருங்கள். கியர்பாக்ஸ் அங்கேதான் இருக்கிறது.